மாடிப்படி வரைபடத்தில் உள்ள உறுப்புகளை விளக்க முடியுமா?

கேள்வி: நொய்யல்கரை, சென்னிமலை அருகே

அனைவருக்கும் வணக்கம். சென்னிமலைக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்திலேயே தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் லிண்டல் மட்டத்தைத் தாண்டிவிட்டது. மேல்தளத்துக்கு சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அச்சு) அடிக்கும்போதே மாடிப்படிக்கும் சேர்த்து அடித்துவிடலாம் என்று எங்கள் மேஸ்திரி சொல்கிறார். அதற்கு முன்பாக வரைபடத்தில் உள்ள ஒவ்வொன்றும் என்ன என்று நானே புரிந்துகொள்ள விரும்புகிறேன். ஒரு முறை கான்கிரீட் போட்டுவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை.

படிக்கட்டுக்கு 15 அடி 6 அங்குல நீளமும் 7 அடி 3 அங்குல அகலமும் ஒதுக்கியிருக்கிறார்கள். கீழே தரைக் கான்கிரீட்டின் மேற்பரப்பிலிருந்து முதல் தளக் கான்கிரீட்டின் மேற்பரப்பு வரை 10 அடி. வரைபடத்தில் ரைசர் 6 அங்குலம், ட்ரெட் 10 அங்குலம், வெயிஸ்ட் ஸ்லாப் 5 அங்குலம் என்று எழுதி, நடுவில் மிட் லேண்டிங் காட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி மொத்தம் 20 படி என்கிறார். நான் வரைபடத்தில் எண்ணினால் ஒரு பக்கம் 9, மறுபக்கம் 9 என்று 18 கட்டங்கள்தான் வருகின்றன. இவற்றில் எது சரி? வீட்டுப் பெரியவர்களோ, லாபம், நஷ்டம் என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டே ஏறினால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும், ஆகவே எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

எங்களுடன் இருக்கும் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) முழங்கால் வலி உண்டு. இருந்தாலும் வற்றல் காய வைக்கவும் தானியம் உலர்த்தவும் தாமே மேலே போக வேண்டும் என்று பிரியப்படுகிறார். ஆகவே படி அவருக்கு ஏற்றதாக அமைய வேண்டும். மிட் லேண்டிங்கின் அடியில் ஒரு கழிப்பறை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: பெருந்துறை பொறியாளர்

வணக்கம் தம்பி. சென்ட்ரிங் அடிப்பதற்கு முன்பே கேட்டது நல்லது. மேஸ்திரி சொல்லும் 20, நீங்கள் எண்ணிய 18 இரண்டுமே சரிதான். இருவரும் வெவ்வேறு பொருளை எண்ணியிருக்கிறீர்கள். நாம் கால் வைத்து மிதிக்கும் கிடைப்பரப்பு ட்ரெட், அதாவது மிதி. ஒரு மிதியிலிருந்து அடுத்த மிதிக்கு ஏறும் நேர் உயரம் ரைசர். லேண்டிங் எனும் சமதளத்தில் நிற்காமல் ஒரே தொடராக ஏறும் படிகளின் வரிசையை ஃபிளைட் என்கிறோம். உங்கள் வரைபடத்தில் மிட் லேண்டிங் வரை ஒரு ஃபிளைட், அங்கே திரும்பி எதிர்த்திசையில் மேல்தளம் வரை இன்னொரு ஃபிளைட். ஒரு ஃபிளைட்டில் 10 முறை உயர்ந்தால், பத்தாவது முறை நம் கால் போய் நிற்கும் இடம் லேண்டிங்காகவே இருக்கும். அதற்கெனத் தனி மிதி வரையப்படாது. எனவே எந்த ஃபிளைட்டிலும் மிதிகளின் எண்ணிக்கை ரைசர்களைவிட ஒன்று குறைவாகவே வரும். இரண்டு ஃபிளைட்டிலும் ஒவ்வொன்று குறைவதால் 20 ரைசருக்கு 18 மிதி. உயரத்தைக் கணக்கிடும்போது ரைசரையும், நீளத்தைக் கணக்கிடும்போது மிதியையும் எண்ண வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் வரைபடம் குழப்பாது.

லேண்டிங் எதற்கு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னிமலையின் 1320 படிகளை நடந்து ஏறுபவர்களுக்கு இடையிடையே உள்ள மண்டபங்கள் செய்யும் வேலையைத்தான் வீட்டில் மிட் லேண்டிங் செய்கிறது: மூச்சு வாங்க இடம் தருகிறது, திரும்ப இடம் தருகிறது, தவறி விழுந்தால் முழுதும் உருண்டு போகாமல் தடுக்கிறது. ஒரு ஃபிளைட்டில் இத்தனை ரைசருக்கு மேல் இருக்கக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு வரம்பு வைப்பதும் இதற்காகவே. லேண்டிங்கின் அகலம் படியின் அகலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பீரோவையோ கட்டிலையோ திருப்பி மேலே கொண்டுபோக முடியாது.

இப்போது அளவுகளுக்கு வருவோம். மேற்சொன்ன விதித்தொகுப்பின்படி வீட்டுக்குள் அமையும் படியின் மிதி 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது; ரைசர் 190 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. உங்கள் வரைபடம் இரண்டுக்கும் உட்பட்டதுதான். ஆனால் விதிக்குள் இருப்பதாலேயே ஒரு படி வசதியானதாக ஆகிவிடாது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபிரான்சுவா புளோண்டெல் வகுத்த ஒரு கணக்கை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். இரண்டு ரைசரின் உயரத்தையும் ஒரு மிதியின் அகலத்தையும் கூட்டினால், மனிதர் நடக்கும்போது எடுத்து வைக்கும் ஒரு காலடியின் தூரத்துக்கு ஒப்பாக வர வேண்டும். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 600 முதல் 640 மி.மீ. வரை. உங்கள் வரைபடத்தின்படி கூட்டினால் 22 அங்குலம், அதாவது 560 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. இப்படிப்பட்ட படியில் ஏறும்போது நடை தட்டுப்படும். இறங்கும்போது குதிகால் மேல்படியின் விளிம்பில் உரசும். முழங்கால் வலி உள்ளவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் பாதத்தைச் சற்றுத் திருப்பி வைத்து இறங்குகிறார்கள். அதற்கு மிதி அகலம் போதாமற்போகும்.

என் யோசனை இது: ரைசரை 20லிருந்து 19 ஆக்கி, மிதியை 11 அங்குலமாக்குங்கள். உயரம் ஏறத்தாழ 160 மி.மீ., மிதி 280 மி.மீ.; இரண்டு ரைசரும் ஒரு மிதியும் சேர்ந்து 600 வருகிறது. கீழ் ஃபிளைட்டில் 10 ரைசரும் 9 மிதியும், மேல் ஃபிளைட்டில் 9 ரைசரும் 8 மிதியும் அமையும். நீளமான ஃபிளைட் 99 அங்குலம், அதாவது 8 அடி 3 அங்குலம். இரு முனையிலும் 3 அடி 4 அங்குல லேண்டிங் விட்டாலும் மொத்தம் 14 அடி 11 அங்குலம்தான். உங்களிடம் 15 அடி 6 அங்குலம் இருக்கிறது. அகலத்தில் இரு ஃபிளைட்டுக்கும் தலா 3 அடி 4 அங்குலம் போக, நடுவில் 7 அங்குல இடைவெளி மிஞ்சும்; கைப்பிடிகள் அதில் அமையும். வீட்டுப் பெரியவர்கள் கேட்ட ஒற்றைப்படையும் இதிலேயே நிறைவேறிவிடுகிறது. அவர்கள் சொல்லை மறுக்க வேண்டிய தேவையே இல்லை.


பதில்: தாராபுரம் மேஸ்திரி

தம்பிக்கு வணக்கம். பொறியாளர் சொன்ன 19 ரைசர் கணக்கு எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் காகிதத்தில் சமமாக இருக்கும் படிகள் கட்டி முடித்த வீட்டில் சமமாக இருப்பதில்லை. நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் முதல் படியோ கடைசிப் படியோ மற்றவற்றோடு ஒத்துப்போவதில்லை. படியில் தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் விழுகிறார்கள். இரண்டு படி ஏறியதுமே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அதற்குப் பிறகு யாரும் படியைப் பார்த்து ஏறுவதில்லை. உயரம் திடீரென மாறும்போது பழகிய கால் ஏமாந்துபோகிறது.

இதற்குக் காரணம் கொத்து வேலையின் பிசகு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம், மேலே வந்து சேரும் கல்லின் கனம் இடத்துக்கு இடம் வேறுபடுவதுதான். உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத் தரைக்கு கிரானைட்டும் அதன் அடியில் சாந்தும் சேர்த்து 2½ அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிகளுக்கும் மிட் லேண்டிங்குக்கும் கல்லும் சாந்தும் சேர்த்து 1½ அங்குலம். மேல்தளத்துக்கு டைல்ஸும் சாந்தும் சேர்த்து 2 அங்குலம். கான்கிரீட் போடும்போது எல்லாப் படியையும் ஒரே உயரத்தில் போட்டுவிட்டால், முதல் படியின் அடியில் தரை 2½ அங்குலம் உயர்ந்து, படியோ 1½ அங்குலம் மட்டுமே உயர்கிறது. ஆகவே முதல் ரைசர் ஓர் அங்குலம் குறைந்துவிடும். கடைசியில், மேல்தளம் 2 அங்குலம் உயர்ந்து அதற்கு முந்தைய படி 1½ அங்குலம் உயர்வதால் கடைசி ரைசர் அரை அங்குலம் கூடிவிடும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே ஒன்றரை அங்குல வேறுபாடு வந்து நிற்கும். பிறகு கல் பதிப்பவரிடம் சொல்லி எவ்வளவு சாந்து ஏற்றினாலும் அது சரியாகாது.

எனவே கணக்கை முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைக்குப் போட வேண்டும். உங்கள் 10 அடியில், அதாவது 120 அங்குலத்தில், கீழே 2½ குறைந்து மேலே 2 கூடுவதால் முடிந்த உயரம் 119½ அங்குலம், மி.மீ. கணக்கில் 3035. அதை 19 ஆல் வகுத்தால் ஒரு ரைசர் 159.7 மி.மீ. கான்கிரீட் போடும்போது முதல் ரைசரை 185 மி.மீ. உயரத்துக்கும், கடைசி ரைசரை 147 மி.மீ. உயரத்துக்கும், இடையில் உள்ள 17 ரைசரையும் அந்த 159.7க்கும் அமைக்க வேண்டும். சென்ட்ரிங் அடித்தவுடன் பார்ப்பவர்கள் முதல் படி உயரமாகவும் கடைசிப் படி தாழ்வாகவும் இருக்கிறதே என்று கேட்பார்கள். கல் பதித்த பிறகு எல்லாம் ஒன்றாகிவிடும். இந்த அளவுகள் நான் சொன்ன கனங்களுக்கு மட்டுமே பொருந்தும். எந்தத் தளத்துக்கு என்ன கல், எவ்வளவு சாந்து என்பதை இன்றே முடிவு செய்து, பொறியாளரிடம் சொல்லி உங்கள் கணக்கைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். கல்லின் நிறத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். அதன் கனத்தை இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

படியைக் குறிக்கும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். ஒரு படியை நாடாவால் அளந்து குறித்து, அதிலிருந்து அடுத்ததை அளந்து குறித்து என்று போனால், ஒவ்வொரு முறையும் அரை மி.மீ. பிசகினால்கூட மேலே போய்ச் சேரும்போது ஒரு சென்டிமீட்டர் வந்து நிற்கும்; அத்தனையும் கடைசிப் படியின் தலையில் விழும். நாங்கள் செய்வது இப்படி: கீழ் மட்டத்தையும் மேல் மட்டத்தையும் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துச் சுவரில் எடுத்துக்கொள்வோம். நேரான ஒரு ரீப்பர் சட்டத்தைச் சுவரோடு நிறுத்தி, முழு உயரத்தையும் அதில் குறித்து, அடியிலிருந்து 185, 344.7, 504.4 என்று கூட்டுத்தொகையாகவே எல்லாக் கோடுகளையும் இழுத்துவிடுவோம். பிறகு அந்தச் சட்டத்திலிருந்து ரசமட்டம் வைத்துச் சுவருக்கு மாற்றினால் பிழை சேராது. சுவரில் படியின் முழு வடிவமும் கோடாக விழுந்த பிறகு நீங்களும் ஒரு முறை அளந்து பாருங்கள். எந்த மேஸ்திரியும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. இடம் மிச்சமாகும் என்று சொல்லி, மிட் லேண்டிங் திரும்பும் இடத்தில் முக்கோண வடிவில் இரண்டு மூன்று படிகளை வைக்கச் சிலர் கேட்பார்கள். அந்தப் படியின் ஒரு முனையில் கால் வைக்கவே இடம் இருக்காது. வயதானவர் இருக்கும் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்; உங்களுக்குத்தான் நீளம் போதுமான அளவு இருக்கிறதே.


நொய்யல்கரை

பொறியாளர் அண்ணாவுக்கும் மேஸ்திரி ஐயாவுக்கும் மிக்க நன்றி. தரைக்கும் படிக்கும் கல்லின் கனம் வேறுபடும் என்பதை எங்கள் வீட்டில் யாருமே யோசிக்கவில்லை. கடைக்குப் போய்க் கேட்டதில் படிக்கு முக்கால் அங்குல கிரானைட்டும், மேல்தளத்துக்கு விட்ரிஃபைடு டைல்ஸும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஐயா சொன்ன கனங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கைப்பிடியைப் பற்றியும், படியின் விளிம்பைப் பற்றியும், வெயிஸ்ட் ஸ்லாபைப் பற்றியும் இன்னும் விளங்கவில்லை. கழிப்பறைக் கேள்வியும் அப்படியே இருக்கிறது.


பதில்: கூடுதுறை, பவானி

தம்பி, நான் கட்டடத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். முடக்குவாதத்தால் இரு முழங்காலும் தேய்ந்துபோன என் மாமியாரைப் பல ஆண்டுகளாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் கைப்பிடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கட்டும்போது அழகுக்காக வைக்கும் பொருள் என்றே அதை எல்லோரும் நினைக்கிறோம். வயதானவருக்கு மாடிப்படியில் மிக முக்கியமான உறுப்பு அதுதான்.

உங்கள் படியில் உட்புறம், அதாவது நடு இடைவெளிப் பக்கம் மட்டுமே கைப்பிடி வரும். மறுபுறம் சுவர் இருப்பதால் யாரும் வைக்க மாட்டார்கள். ஆனால் ஏறும்போது வலக்கையில் பிடித்தவருக்கு இறங்கும்போது அதே கைப்பிடி இடக்கைக்கு வந்துவிடும். ஒரு பக்க முழங்காலோ ஒரு பக்கக் கையோ பலவீனமாக இருப்பவருக்கு இரு பக்கமும் பிடிமானம் இருந்தால்தான் இரு திசையிலும் துணை கிடைக்கும். சுவர்ப் பக்கம் வைக்கும் குழாய்க்கும் சுவருக்கும் இடையே 50 மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடியாமல் விரல்முட்டி சுவரில் உரசும். குழாயின் குறுக்களவு 38 முதல் 45 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது என்று தடிமனான சதுர எஸ்.எஸ். குழாயையோ அகலமான மரப்பலகையையோ போட்டால், கை அதன்மேல் கிடக்குமே தவிரப் பற்றாது. கால் இடறும் நொடியில் பற்றினால்தான் பயன்.

கைப்பிடி முதல் படியிலேயே தொடங்கிக் கடைசிப் படியிலேயே முடிந்துவிடக் கூடாது. இரு முனையிலும் ஓர் அடி நீளம் கூடுதலாகப் போக வேண்டும். என் மாமியார் கடைசிப் படியை இறங்கிய பிறகு, தரையில் இரு காலும் ஊன்றும் வரை கையை எடுக்க மாட்டார்; அந்த ஓரடி நீளத்தில்தான் அவர் நிமிர்ந்து நிற்கிறார். மிட் லேண்டிங்கில் திரும்பும் இடத்திலும் குழாய் அறுபடாமல் தொடர்ந்து வளைந்து செல்லும்படி சொல்லுங்கள்.

கைப்பிடிக்குக் கீழே நிற்கும் கம்பிகள் நேர்நிலையாக இருக்கட்டும். கிடைக்கோட்டில் வைத்தால் குழந்தைகள் அவற்றையே ஏணியாக்கி ஏறிவிடும். கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் சின்னக் குழந்தையின் தலை நுழைந்துவிடும்.


பதில்: உடுமலை மரவேலை

கைப்பிடியைத் தாங்கும் உறுப்புகளைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. நேராக நிற்கும் சிறு கம்பி அல்லது கடைந்த மரக்கால் ஒவ்வொன்றும் பாலஸ்டர். முதல் படியின் ஓரத்திலும் திருப்பத்திலும் நிற்கும் பெரிய தூண் நியூவெல் போஸ்ட். ஒருவர் சாய்ந்து இழுக்கும் பாரம் முழுவதும் கைப்பிடி வழியாக வந்து சேர்வது இந்தத் தூணில்தான். கிரானைட் பதித்த பிறகு அதன்மேல் ஒரு தகட்டை வைத்து நான்கு குறுகிய திருகாணிகளால் முடுக்கிவிடுவது இன்றைய வழக்கமாகிவிட்டது. சில ஆண்டுகளில் ஆட்டம் கண்டுவிடும். திருகாணி கல்லையும் சாந்தையும் கடந்து கான்கிரீட்டுக்குள் இறங்கினால்தான் பிடிமானம் கிடைக்கும். இதைக் கல் பதிப்பதற்கு முன்பே தூண் அமைப்பவரிடம் பேசி, நீளமான ஆங்கர் போல்ட் வாங்கச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துப் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் மச்சுக்கு ஏறும் மரப்படிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றில் இரு பக்கமும் சாய்வாக நிற்கும் நீண்ட பலகைதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. அதில் காடி வெட்டி, மிதிப்பலகைகளைச் செருகியிருப்பார்கள். ரைசர் இருக்கும் இடம் திறந்தே கிடக்கும். அப்பலகைக்கு ஸ்ட்ரிங்கர் என்று பெயர். உங்கள் கான்கிரீட் படியில் அதன் வேலையை வெயிஸ்ட் ஸ்லாப் செய்கிறது.


பதில்: பெருந்துறை பொறியாளர்

மரவேலை நண்பர் சரியான இடத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். படியின் அடிப்பக்கத்தில் சாய்வாகச் செல்லும் கான்கிரீட் பலகையே வெயிஸ்ட் ஸ்லாப். மேலே தெரியும் முக்கோணப் படிகள் அதன்மேல் ஏற்றிய சுமை மட்டுமே. அதன் கனத்தைச் சரிவுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். படியின் உள்மூலையிலிருந்து நேர்கீழாக அளந்தால் 5 அங்குல ஸ்லாப் 5¾ அங்குலமாகத் தெரியும். சென்ட்ரிங் அடிப்பவர் நேர்கீழாக அளந்து 5 அங்குலம் என்று வைத்துவிட்டால், உண்மையான கனம் குறைந்துபோகும்.

அந்த 5 அங்குலம் உங்களுக்குப் போதுமா என்பது, படி எதன்மேல் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. ஃபிளைட் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குறுக்கே பீம் இருந்தால், ஸ்லாப் கடக்க வேண்டிய தூரம் 8, 9 அடிதான். 5 அங்குலம் தாங்கும். பீம் இல்லாமல் லேண்டிங்குகளையும் சேர்த்து இரு முனைச் சுவர்களின் மேல் மட்டும் ஏற்றினால் 15 அடி ஆகிவிடும். அதற்கு 5 அங்குலம் போதாது. உங்கள் வரைபடத்தில் பீம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கனத்தையும் கம்பியையும் கணக்கிட்டுத் தரும்படி உங்கள் பொறியாளரைக் கேளுங்கள். வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று கணக்கிடும் இந்தியத் தரக்குறியீடு, அதே வீட்டின் மாடிப்படிக்குச் சுமார் 300 கிலோ என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

கம்பி கட்டும்போது ஓரிடத்தை நீங்களே குனிந்து பார்க்க வேண்டும். சரிவாக ஏறும் ஸ்லாப் லேண்டிங்கைத் தொட்டுக் கிடையாகத் திரும்பும் இடத்தில், அடிக்கம்பியை அந்தத் திருப்பத்தோடு அப்படியே வளைத்து லேண்டிங்கின் அடிப்பக்கமாகக் கொண்டுபோவது தவறு. பாரம் ஏறும்போது கம்பி இழுபட்டு நிமிரப் பார்க்கும். நிமிரும்போது அடியில் உள்ள கான்கிரீட்டை உதைத்துப் பெயர்த்துவிடும். சரிவின் அடிக்கம்பி வளையாமல் நேராக ஏறி லேண்டிங்கின் மேல்பக்கத்துக்குப் போய் அங்கே மடங்க வேண்டும். லேண்டிங்கின் அடிக்கம்பி அதேபோல் நேராக வந்து சரிவின் மேல்பக்கத்தில் பதிய வேண்டும். இரண்டும் திருப்பத்தில் கத்தரிபோல் குறுக்கிட்டுத் தெரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள்.

விளிம்பைக் கேட்டிருந்தீர்கள். மிதிக்கல் ரைசர் கல்லைவிட முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி நோசிங். மிதியின் 11 அங்குலம் ஒரு நோசிங்கிலிருந்து அடுத்த நோசிங் வரை; ஆகவே கல்லை 12 அங்குல அகலத்தில் வாங்க வேண்டும். விளிம்பைக் கூராக விடாமல் உருட்டச் சொல்லுங்கள். நீட்டத்தை அதற்கு மேல் கூட்டினால் ஏறும்போது கால்விரல் அதில் மாட்டும். முழுப் பளபளப்பான கிரானைட், ஈரக்காலோடு வருபவரை வழுக்கிவிடும். விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று கோடுகள் குடைந்து வாங்கலாம், அல்லது படிக்கு மட்டும் சொரசொரப்பான லெதர் ஃபினிஷ் கல்லைத் தேர்ந்தெடுக்கலாம்.

கழிப்பறைக்கு வருகிறேன். ஒருவர் நிமிர்ந்து நடக்கத் தேவையான தலைக்கு மேல் உயரம்தான் ஹெட்ரூம். மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் எழுப்பும் அறையையும் நம் பக்கத்தில் அதே பெயரால் அழைப்பதால், வரைபடத்தில் எதைக் குறிக்கிறார்கள் என்று இடத்தைப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். படிக்கும் லேண்டிங்குக்கும் அடியில் நடமாட 2.2 மீட்டர், அதாவது 7 அடி 3 அங்குலம் வேண்டும் என்பது விதி. உங்கள் மிட் லேண்டிங் தரையிலிருந்து 10 ரைசர் உயரத்தில், 1.6 மீட்டரில் நிற்கிறது; ஸ்லாபும் கல்லும் போக அடியில் கிடைப்பது 4 அடி 8 அங்குலம்தான். அங்கே கழிப்பறை அமையாது. இன்வெர்ட்டர், பேட்டரி, தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்கு அந்த இடம் பொருத்தமானது. முழு உயரம் கிடைப்பது மேல் ஃபிளைட்டின் ஐந்தாவது மிதியைத் தாண்டிய பிறகுதான். அங்கிருந்து மேல் லேண்டிங்கின் அடி வரை சேர்த்தால் ஏறத்தாழ 6 அடி நீளம் வரும். சுவரின் கனம் போக உள் அகலம் 3 அடிதான் மிஞ்சும். விருந்தினருக்கு அது போதும். கைத்தடியோடு நடக்கும் ஒருவர் அதற்குள் திரும்ப முடியாது. உங்கள் அம்மிச்சிக்கான கழிப்பறையை அவர் படுக்கும் அறையை ஒட்டியே அமையுங்கள்.


நொய்யல்கரை

அண்ணா, வரைபடத்தை மீண்டும் பார்த்தேன். குறுக்கே பீம் எதுவும் காட்டப்படவில்லை. இரு முனைச் சுவர்களில் மட்டுமே ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் பொறியாளரிடம் 19 ரைசர், 11 அங்குல மிதி என்று மாற்றி, ஸ்லாப் கனத்தையும் கம்பியையும் புதிதாகக் கணக்கிட்டுத் தரும்படி கேட்டிருக்கிறேன். அம்மிச்சியின் கழிப்பறையை அவருடைய அறையின் பின்பக்கம் மாற்றிவிட்டோம். பவானி அக்கா சொன்னபடி சுவர்ப் பக்கமும் கைப்பிடி வைக்க இடம் குறித்தாகிவிட்டது. கான்கிரீட் போடும் நாளில் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?


பதில்: தாராபுரம் மேஸ்திரி

தம்பி, கான்கிரீட்டைக் கீழ்ப் படியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஏற்ற வேண்டும். மேலிருந்து கொட்டினால் ஜல்லி சரிவில் உருண்டு கீழே சேர்ந்துவிடும். கலவையில் தண்ணீர் கூடினாலும் சரிவில் அது நிற்காது. படியின் விளிம்பு வழிந்து சாய்ந்துவிடும். ரைசர் பலகைகள் நடுவில் பிதுங்காதபடி ஒரு நீளச் சட்டத்தால் எல்லாவற்றையும் இணைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். 3 அடி 4 அங்குல அகலத்தில் நடுப்பகுதி பிதுங்கினால் மிதி அங்கே குறைந்துவிடும்.

முட்டுகளைப் பிரிப்பதில் அவசரம் வேண்டாம். ஸ்லாப் கடக்கும் தூரம் 4.5 மீட்டருக்குள் இருந்தால் 7 நாளில் முட்டுகளை எடுக்கலாம், அதற்கு மேல் என்றால் 14 நாள் விட வேண்டும் என்பது தரக்குறியீட்டில் உள்ள குறைந்த அளவு. பீம் இல்லாத உங்கள் படி, சுவருக்குச் சுவர் 15 அடி 6 அங்குலம், அதாவது 4.7 மீட்டர் வருகிறது; ஆகவே 14 நாளும் முட்டு நிற்கட்டும். மேல்தள வேலைக்கு வழி வேண்டும் என்று ஆட்கள் அந்தப் படியிலேயே செங்கல் சுமந்து ஏறத் தொடங்கிவிடுவார்கள். அதுவரை வெளிப்பக்கம் சாரம் கட்டி ஏறச் சொல்லுங்கள். படிகளில் தண்ணீர் தேங்காது என்பதால் ஈரச் சாக்கை விரித்து, காலையும் மாலையும் நனைத்துவிடுங்கள்.